‘ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா!’ - க்ரூப் அட்மின் செய்யும் முதல் தப்பு

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 66 கிலோ குத்துச்சண்டை. அல்ஜீரியாவின் இமான் கெலிஃபை எதிர்த்து இறங்கிய இத்தாலி வீராங்கனை ஏஞ்சலா கரினி, 46 விநாடிகளில் போதும் என்று விலகிவிட்டார். அன்றைக்கு நைட் எங்க டிப்ளமோ பேட்ச் வாட்ஸ்அப் க்ரூப்ல ஆரம்பிச்ச சண்டை, மறுநாள் மதியம் வரைக்கும் ஓடுச்சு.

‘ஒரு ஆம்பளையை விட்டு பொண்ணை அடிக்க வெச்சுட்டாங்க’ என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. அதற்கு ஒருவர் ‘ட்ரான்ஸ்னா மனுஷங்க இல்லையா?’ என்றார். பள்ளியில் ஹேண்ட்பால் ஆடிய தோழி ஒருத்தி, ‘அது சரி, பொண்ணுங்க விளையாட்டுல நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?’ என்று கேட்டாள். அவ்வளவுதான். அவளைப் பிற்போக்குவாதி என்று ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ள, இன்னொரு கூட்டம் கெலிஃப் போட்டோவை ஜூம் பண்ணி ‘இந்தத் தாடையைப் பாரு, தோளைப் பாரு’ என்று ஆராய்ச்சியில் இறங்கியது. நடுவுல ஸ்டிக்கர் மழை. பழைய படங்கள்ல திருநங்கைகளை வெச்சுப் பண்ணின காமெடி சீன் எல்லாம் ஸ்டிக்கரா வாழுதுங்கறது அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. (இதுல அதிகமா மெசேஜ் போட்ட நாலு பேரும் அதுக்கு முன்னாடி ஒரு பெண்கள் குத்துச்சண்டைப் போட்டியைக்கூட முழுசாப் பார்த்தது கிடையாது. விசாரிச்சுட்டேன்.)

நான் அந்த க்ரூப்போட அட்மின். ‘ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா, இது ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்’ என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, அட்மின் மட்டுமே பேசும்படி க்ரூப்பைப் பூட்டினேன். பெரிய மனுஷி மாதிரி ஒரு திருப்தி. சாயங்காலம் திறந்து பார்த்தால், உறுப்பினர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருந்தது.

2022 ஆகஸ்ட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் யாராவது க்ரூப்பை விட்டு வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். வெளியே போனவர் அந்தச் சண்டையில் ஒரு மெசேஜ்கூடப் போடாத பேட்ச்மேட். எதுவும் புரியாமல் போன் பண்ணினேன். படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போன பிறகு திருநங்கையாக வாழத் தொடங்கியிருக்கிறார். எங்கள் க்ரூப்பில் மட்டும் பழைய பெயரில், பழைய போட்டோவோடு இருந்திருக்கிறார். அன்று அவர் சொன்னதை, அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். “நீ ‘ரெண்டு பேரும்’னு சொன்னேல்ல... நான் எங்கடி பேசினேன்? அவங்க பேசிக்கிட்டு இருந்ததே என்னைப் பத்தி.”

அதுக்கப்புறம்தான், இப்படிப்பட்ட பேச்சுகளை எப்படி நடத்தறதுன்னு உருப்படியா யோசிக்க ஆரம்பிச்சேன். உங்க கையிலும் ஏதாவது ஒரு க்ரூப் இருக்கும். காலேஜ் க்ரூப், அப்பார்ட்மென்ட் க்ரூப், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் இருக்கும் ஃபேமிலி க்ரூப்... பெண்கள் உரிமை, திருநர் உரிமைன்னு பேச்சு வந்தா எல்லாத்திலும் இதே கதைதான்.

முதலில், பேசுற விஷயம் உண்மையா?

கெலிஃப் திருநங்கை அல்ல. பிறந்ததிலிருந்து பெண்ணாகப் பதிவாகி, பெண்ணாக வளர்ந்தவர். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அப்போதே இதைச் சொன்னது. அதற்கு முந்தைய வருடம், வேறொரு குத்துச்சண்டை அமைப்பு ஒரு பாலினத் தகுதிச் சோதனையைக் காரணம் காட்டி அவரை உலகப் போட்டியிலிருந்து நீக்கியிருந்தது. அதை வைத்துப் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால், அது திருநங்கைகளைப் பற்றிய பேச்சு கிடையாது. ஆக, எங்கள் க்ரூப்பில் சண்டை போட்ட இரண்டு அணியுமே இல்லாத ஒரு விஷயத்துக்காக மோதிக்கொண்டிருந்தன. ‘ட்ரான்ஸ்னா மனுஷங்க இல்லையா’ என்று ஆதரவாகக் கேட்டவருக்கும் அது தெரியாது. உண்மையைச் சரிபார்க்கணும்னு வகுப்பில் உட்கார்ந்து படிச்ச பேட்ச் நாங்க. வேற என்ன சொல்ல!

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஓடி வந்த சாந்தி சௌந்திரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு ஒரு பாலினச் சோதனையைச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவரையும் இன்றுவரை சிலர் திருநங்கை என்றே எழுதுகிறார்கள். அதுவும் தவறு. உடலின் பாலினக் கூறுகள் வழக்கத்திலிருந்து வேறுபட்டுப் பிறப்பது ஒன்று. பிறந்தபோது ஆண் என்று குறிக்கப்பட்டவர் தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்வது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது.

அதனால் அட்மினா முதல்ல செய்ய வேண்டியது, பூட்டுறது இல்லை. ஒரு கேள்வி கேட்கறது. ‘இந்த ஃபார்வர்டு எங்கிருந்து வந்தது?’ன்னு ஒரே வரி. யாரையும் திட்ட வேண்டாம், பாடம் எடுக்க வேண்டாம். பத்துல ஆறு சண்டை அங்கேயே சுருண்டுடும். இது என் அனுபவக் கணக்குதான், ஆய்வு எல்லாம் கிடையாது.

தெரியாதுன்னு ஒத்துக்கறதில் கௌரவக் குறைச்சலும் இல்லை. 2021-ல், பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு இரண்டு பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். ஒன்றாக வாழ விரும்பிய ஜோடி. வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் உத்தரவு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையினரை எந்தெந்தச் சொற்களால் குறிப்பிட வேண்டும் என்று ஒரு சொல் பட்டியலை 2022-ல் தமிழக அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதியே ‘தெரியாது, கத்துக்கறேன்’னு சொல்லும்போது, நம்ம க்ரூப் மச்சிகளுக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிருக்கு.

கொள்கையைப் பேசலாம், ஆளை இல்லை

இங்கேதான் நான் ரொம்பக் குழம்பினேன். திருநங்கைத் தோழி காயப்படுவாரே என்பதற்காக, ஹேண்ட்பால் தோழியின் கேள்வியை அழித்திருக்க வேண்டுமா? இல்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. விளையாட்டு உலகமே அதை எப்படித் தீர்ப்பது என்று தடுமாறிக்கொண்டிருக்கிறது. ஆணாகப் பருவ வயதைக் கடந்த திருநங்கைகள், பெண்கள் பிரிவின் சர்வதேசத் தடகளப் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது என்று உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சில் விதி கொண்டுவந்தது. அதைச் சரி என்பவர்களும் இருக்கிறார்கள், அநீதி என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு விதி சரியா, தப்பான்னு பேசறது வெறுப்பு இல்லை. ‘இதைக் கேட்டாலே நீ வெறுப்பாளி’ன்னு வாயை மூடினா, கேட்டவங்க மனசு மாறாது. வேற க்ரூப்புக்குப் போய், ஆறுதலா பேசுறவங்க சொல்றதை அப்படியே நம்பிடுவாங்க. ஹேண்ட்பால் தோழி அன்றைக்கு அமைதியானவள்தான். அதுக்கப்புறம் எட்டு மாசம் க்ரூப்பில் ‘ஹேப்பி பர்த்டே’ தவிர எதுவும் எழுதவில்லை. நான் இழந்தது ஒருத்தரை இல்லை, ரெண்டு பேரை.

ஆனால், தாடையை ஜூம் பண்ணினது கேள்வி கிடையாது. ‘இவங்க எல்லாம் பொண்ணே இல்லை, வேஷம்’ என்பதும் கேள்வி கிடையாது. அங்கே விதியைப் பற்றிய பேச்சு முடிந்து, ஓர் ஆள் இருக்கவே லாயக்கா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. அதில் ஒருவர் எப்படிப் பதில் சொல்ல முடியும்? ‘ஆமா, நான் இருக்கேன்’ என்று தன்னை வெளிப்படுத்தித்தான் வாதாட முடியும். எதிரில் இருப்பவருக்கு அது டைம்பாஸ். இவருக்கு வேலை, வாடகை வீடு, அப்பா அம்மாவோட பேச்சுவார்த்தை எல்லாம் அதில் மாட்டியிருக்கிறது.

‘பார்த்தா பொண்ணு மாதிரி இல்லையே’ என்ற கமென்ட்டின் அடி இன்னொரு பக்கமும் விழும். எங்கள் க்ரூப்பிலேயே பி.சி.ஓ.டி பிரச்னையால் முகத்தில் முடி வளரும் தோழி இருக்கிறாள். மாசா மாசம் பார்லரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அன்று அந்த போட்டோ ஆராய்ச்சியை அவளும் படித்துக்கொண்டுதான் இருந்தாள். உயரமான பொண்ணு, குரல் கட்டையான பொண்ணு, முடியை ஒட்ட வெட்டின பொண்ணு... பெண்களைப் பாதுகாக்கிறேன்னு கிளம்பி, யார் ‘சரியான’ பொண்ணுன்னு அளக்க ஆரம்பிச்சா, முதல் அடி இவங்களுக்கும்தான் விழும்.

ஆக, நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். மெசேஜை ஒருமுறை படித்துவிட்டு, ‘இந்த க்ரூப்ல இருக்கிற ஒரு திருநங்கை இதுக்குத் தன்னை வெளிப்படுத்தாம பதில் சொல்ல முடியுமா?’ என்று பார்ப்பேன். முடியும் என்றால் அது விவாதம், ஓடட்டும். முடியாது என்றால் நீக்குவேன். பெண்களைப் பற்றிய மெசேஜுக்கும் இதே கதைதான். ‘மகளிருக்கு இலவச பஸ் தேவையா’ என்று வாதாடலாம். பேசின பொண்ணோட கேரக்டரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, அது வாதம் இல்லை.

இரவல் சண்டைகள்

இன்னொன்றையும் கவனித்தேன். நம் க்ரூப்களில் ஓடும் வாதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தயாரானவை. கழிவறை, நீச்சல் போட்டி, சிறைச்சாலை. 2025 ஏப்ரலில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம், அங்குள்ள சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல் பிறப்பின் பாலினத்தையே குறிக்கிறது என்று தீர்ப்பளித்தபோது, ஏதோ நம் ஊர் தாலுகா ஆபீஸில் அமலுக்கு வந்த மாதிரி இங்கே ஸ்டேட்டஸ்கள் பறந்தன.

நம்ம ஊர்ல நடக்கறது வேற. 2008-லேயே தமிழகத்தில் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துவிட்டது. 2014 ஏப்ரல் 15 அன்று, ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019-ல், ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளை சொன்னது. 2021-ல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, சில வாரங்களில் அது திருநங்கைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பஸ்ல பொண்ணுங்களும் திருநங்கைகளும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கையில் வெச்சுக்கிட்டுத்தான் போறாங்க.

இதனால் இங்கே சண்டையே இல்லை என்று அர்த்தம் இல்லை. உண்மையான கேள்விகள் இருக்கின்றன, அவற்றை யாரும் ஃபார்வர்டு பண்ணுவது இல்லை என்பதுதான் விஷயம். உதாரணமாக, அரசு வேலைக்கான இடஒதுக்கீட்டில் திருநர்களை எங்கே சேர்ப்பது? பெண்களுக்கான ஒதுக்கீட்டிலா, ஏதாவது ஒரு சாதிப் பிரிவிலா? கிரேஸ் பானு போன்ற செயற்பாட்டாளர்கள் கேட்பது, எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் திருநர்களுக்கென்று தனியாக ஒரு பங்கு. அதாவது கிடைமட்ட இடஒதுக்கீடு. பக்கத்தில் கர்நாடகம் 2021-ல் அரசு வேலைகளில் 1% அப்படிக் கொடுத்துவிட்டது. இப்படி வந்தால், பெண்களின் இடத்தைத் திருநங்கைகள் பிடுங்குகிறார்கள் என்ற பேச்சுக்கே வேலை இருக்காது.

அல்லது தண்டனை விஷயம். 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு திருநரை வார்த்தையால் துன்புறுத்தினாலும் சரி, பாலியல்ரீதியாகத் துன்புறுத்தினாலும் சரி, தண்டனை 6 மாதம் முதல் 2 வருடம் வரைதான். ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் குறைந்தது 10 வருடம். இந்த இடைவெளி ஏன்? இதை க்ரூப்பில் போட்டுப் பாருங்கள். அதுவரை எதிரெதிராக நின்றவர்கள் ஒரே பக்கம் வருவார்கள். எங்கள் க்ரூப்பில் வந்தார்கள்.

சரி, கையில் இருக்கும் கருவிகள்?

ஃபேமிலி க்ரூப்தான் இருப்பதிலேயே கஷ்டம். சித்தப்பா அனுப்பின ஜோக்கை எல்லார் முன்னாடியும் அட்மின் அழித்தால், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் பிரச்னை வரும். முதலில் தனியாகக் கூப்பிடுங்கள். ‘சித்தப்பா, அந்த மெசேஜைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன். நம்ம வீட்டுப் பசங்க யாருக்காவது வருத்தமா இருக்கலாம்’ என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார். ‘நம்ம வீட்டுல யாரு?’ என்று கேட்டால் மட்டும் பெயர் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குத் தெரிந்திருந்தாலும். அதைச் சொல்வது அவரவர் முடிவு.

ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்பில் நேரடியாக இருக்கலாம். மற்றவர் மெசேஜை அட்மின் நீக்கும் வசதி 2022-ல் வந்துவிட்டது. நீக்கிவிட்டு மௌனமாக இருக்காதீர்கள். எதற்காக நீக்கினீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். ‘ஜூம் பண்ணின போட்டோவை எடுத்துட்டேன், விதியைப் பத்திப் பேசறதைத் தொடரலாம்.’ ஆளைத் தூக்குவது கடைசி வழி. மொத்தமாகப் பூட்டுவது, நான் பண்ணின மாதிரி, ரொம்ப மோசமான வழி. கடைசியாகப் பேசினவர் ஜெயித்த மாதிரியே நின்றுவிடும். எங்கள் க்ரூப்பில் கடைசியாக நின்றது ஒரு ஸ்டிக்கர்.

யாராவது திருநர் என்று தெரிந்ததும், ‘நீங்களே விளக்குங்களேன்’ என்று எல்லாரும் அவர் பக்கம் திரும்புவதையும் நிறுத்துங்கள். அவர் ராத்திரி பத்து மணிக்கு வகுப்பெடுக்க அந்த க்ரூப்பில் சேரவில்லை. நம்ம எல்லாரையும் மாதிரி அவரும் பழைய கேன்டீன் போட்டோவுக்காக வந்தவர்தான்.

சட்டம் பற்றி அட்மின்களுக்கு ஒரு பயம் உண்டு. ‘யாரோ போட்டதுக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா?’ பொதுவாக இல்லை. உறுப்பினர் போடும் மெசேஜுக்கு, உடந்தையாக இல்லாதவரை அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, நம் மதுரைக் கிளை, கேரள உயர் நீதிமன்றம் மூன்றும் 2021, 2022 ஆண்டுகளில் சொல்லியிருக்கின்றன. ‘உன்மேல 66ஏ போடுவேன்’ என்று யாராவது மிரட்டினால் சிரிக்கலாம். அந்தப் பிரிவை 2015-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால், போட்டவருக்குத் தப்பிக்க வழி கிடையாது. ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லப்படும் சொல்லுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டல், போட்டோவைத் திரித்துப் போடுவது என்று போனால் அது அட்மின் தீர்க்கும் விஷயமே இல்லை. நீக்குவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாதிக்கப்பட்டவரிடம் கொடுங்கள். மத்திய அரசின் சைபர் க்ரைம் தளத்திலோ, பெண்கள் உதவி எண் 181-லோ புகார் செய்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதே ஸ்கிரீன்ஷாட்டை ‘பாருங்கடா கொடுமையை’ன்னு வேற க்ரூப்ல போடாதீங்க. அதுல அவங்க நம்பரும் இருக்கும்.

ஹேண்ட்பால் தோழிகிட்ட போன வருஷம் மன்னிப்புக் கேட்டேன். ‘நான் கேட்டது தப்பாடி?’ன்னுதான் அவ முதல்ல கேட்டா. இல்லைன்னேன். இந்த ரெண்டு பேரும் இப்போ தனியா பேசிக்கறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. விளையாட்டு விஷயத்துல இன்னும் ஒத்துப்போகலையாம். க்ரூப்பில் திரும்பச் சேர்வதற்கு மட்டும் திருநங்கைத் தோழி ஒரு நிபந்தனை வைத்தார். “புதுப் பேர்லதான் வருவேன். யாருன்னு கேட்டா நானே சொல்லிக்கறேன், நீ முந்திரிக்கொட்டை மாதிரி அறிமுகப்படுத்தாதே.”

லிங்க் அனுப்பியாச்சு. அதுக்கு முன்னாடி, அந்த ஸ்டிக்கரைத் தேடிப் பிடிச்சு நீக்கப் பார்த்தேன். நீக்குறதுக்கான நேரம் எப்பவோ தாண்டிடுச்சு. என் போன்ல மட்டும்தான் அழிஞ்சது. மேல ஸ்க்ரோல் பண்ணினா, மத்தவங்க போன்ல இன்னும் இருக்கும்.